கன்னப்பொறியில் ஒரு வளையம்

ஜூன் 3, செவ்வாய்

5.10 எழுந்தேன். 5.40 பால். 6.15 பேப்பர், அதுவும் பாதி நனைந்து வந்தது. சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலிக்கிறது.

முப்பத்து நாலு வருஷம் சப்-ஸ்டேஷனில் மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதிய கை இது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால்தான் மகள் பெங்களூரிலிருந்து வருஷம் தவறாமல் ஒரு டைரி அனுப்பிவிடுகிறாள். அப்பா அம்மாவை நச்சரிக்காமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

மாலை 4.00 வறுகடலை. கோவில்பட்டிக்காரனுக்கு நான்கு மணி என்றால் கடலைதான். நாற்பத்தொரு வருஷமாக ஒரே பொட்டலத்தை நடுவில் வைத்து நானும் உலகுவும் தின்கிறோம். நான் ஒன்று எடுத்தால் அவள் இரண்டு எடுப்பாள். உலகம்மாள் என்று பெயர். முழுப்பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டால் கோபமாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

இன்று அவள் நான்கு கடலையோடு நிறுத்திவிட்டுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். காரணம் கேட்டதற்கு, "தாடை அசந்து போவுது" என்றாள். பேசிப் பேசி அசந்திருக்கும் என்றேன். மீதியை நானே தின்றேன். நல்லதாகப் போயிற்று.

ஜூன் 6, வெள்ளி

உலகு மூன்று நாளாகத் தலை சீவவில்லை. கொண்டையாகச் சுருட்டிக்கொண்டு திரிகிறாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இப்படி இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன்.

"சீப்பு பட்டாலே வலிக்கி."

"தலைவலியா?"

"தலைவலி ஒரு மாசமாத்தான் இருக்கு. இது தோலு வலிக்கி. முடி இல்லாத ஆளுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது?"

என் வழுக்கையை இழுக்காமல் அவளுக்கு ஒரு பேச்சும் முடியாது. சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் அகலப் பல் சீப்பு ஒன்று வாங்கி வந்தேன். பார்த்துச் சிரித்தாள். சன்னலில் வைத்துவிட்டாள். கடலை இன்றும் முழுக்க எனக்கே.

ஜூன் 9, திங்கள்

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் இல்லை. உலகு அதிகம் பேசவில்லை.

ஜூன் 12, வியாழன்

காலை 7.20. உலகு காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். நான் சத்தம் போட்டேன். அவள் திட்டவில்லை. அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இடது கண்ணுல திரை போட்ட மாதிரி இருந்துச்சி. இப்பம் போயிட்டு."

பத்து நிமிஷம் இருந்ததாம். புரைதானே, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயது டாக்டர். கண்ணைப் பார்த்து முடித்தவர் கண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை. தலை வலிக்கிறதா என்றார். மென்று சாப்பிட்டால் தாடை வலிக்கிறதா என்றார். தலை சீவினால் தோல் வலிக்கிறதா என்றார். மூன்றுக்கும் உலகு ஆமாம் என்றாள்.

அவர் கேட்ட மூன்றும் இந்த டைரியில் இருக்கிறது. தேதியோடு இருக்கிறது. எழுதினேனே தவிர, படிக்கவில்லை.

நாளைக்கே மதுரைக்குப் போகவேண்டும் என்று கடிதம் கொடுத்தார். அடுத்த வாரம் போகலாமா என்றேன். "நாளைக்கு" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

மதுரை போய்த் திரும்பியாயிற்று. பயணம் போக இரண்டரை மணி, வர மூன்று மணி.

வாத நோய் டாக்டர் பர்வீன். ஐம்பது வயது இருக்கலாம். உலகுவைப் படுக்கவைத்து, காதுக்கு முன்னால் கன்னப்பொறியில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, சோப்புக்கட்டி அளவுள்ள ஒரு கருவியை வைத்தார். கருவி படும்படி மட்டும் வைத்தார், அழுத்தவில்லை. அப்படியும் உலகு கண்ணை இறுக்கினாள். "வலிச்சா சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். நாற்பத்தொரு வருஷத்தில் நான் அவளிடம் இதைச் சொல்லியிருக்கிறேனா என்று அந்த நேரத்தில் யோசித்தேன். அனாவசிய யோசனை.

"ஐயா, இங்க வந்து பாருங்க" என்று திரையைக் காட்டினார். நடுவில் சிவப்பாக ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம்.

"சிவப்பா தெரியுறது ரத்த ஓட்டம். குழாய் நல்லா இருந்தா சுத்தி இந்தக் கறுப்பு இருக்காது. நம்ம உடம்புல காவல் காக்குற அணுக்கள் இருக்குல்ல, அது ஆள் தெரியாம நம்ம ரத்தக்குழாய்ச் சுவரையே அடிக்குது. அடிபட்ட சுவர் வீங்கியிருக்கு. அந்த வீக்கம்தான் இந்த வளையம்."

அந்தப் பக்கத்துக் கன்னப்பொறியிலும் இருந்தது. இரண்டு அக்குளிலும் பார்த்தார், அங்கே இல்லை. வளையம் இவ்வளவு தெளிவாக இருப்பதால் சதையை வெட்டிப் பரிசோதிக்க வேண்டாம், இன்றைக்கே மருந்து தொடங்கவேண்டும் என்றார். இந்தக் குழாய்க்குக் கூடப்பிறந்த குழாய்தான் கண்ணுக்குப் போகிறதாம். அது அடைபட்டால் பார்வை போய்விடும். போனால் திரும்பாது.

மருந்தின் பெயர் ஸ்டீராய்டு. தினமும் காலையில் சாப்பிட்ட பிறகு ஐந்து மாத்திரை. சர்க்கரை ஏறும், அதற்கும் வயிற்றுக்கும் எலும்புக்கும் தனித்தனி மாத்திரை. சர்க்கரை இருநூற்றைம்பதைத் தாண்டினால் போன் செய்யச் சொன்னார். "நான் சொல்லாம ஒரு மாத்திரைகூடக் குறைக்கக் கூடாது" என்று உலகுவைப் பார்த்துச் சொன்னார்.

"என்கிட்ட சொல்லாதீங்க, இவுகட்ட சொல்லுங்க. எங்க வீட்டுல மீட்டர் பாக்குறது இவுகதான்" என்றாள் உலகு.

மாத்திரைப் பொறுப்பு என்னுடையது. எழுதிவைக்கிறேன்.

ஜூன் 14, சனி

8.00. இரண்டு இட்லி. மாத்திரை ஐந்து.

ஜூன் 16, திங்கள்

8.00. இரண்டு இட்லி. மாத்திரை ஐந்து.

தலைவலி இல்லை என்கிறாள். ஒரு மாசத் தலைவலி மூன்று நாளில் போய்விட்டது! புதுச் சீப்பில் தலை சீவினாள். நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என்ன பார்வை என்றாள். சீப்பைப் பார்த்தேன் என்றேன்.

மாலை 4.00 கடலையில் எனக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. வயிறு எரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

8.00. மாத்திரை ஐந்து. என் சர்க்கரை மெஷினில் அவள் விரலைக் குத்திப் பார்த்தேன். 268.

டாக்டர் கொடுத்த நம்பருக்குப் போன் செய்தேன். வேறு அழைப்பில் இருந்தார்கள். மறுபடி செய்யவில்லை. பக்கத்து ஊரா, மதுரைக்கு வா என்றால் திரும்பவும் மூன்று மணி நேரம் அவளைப் பஸ்ஸில் உட்காரவைக்க வேண்டும்.

உலகுவின் முகம் உப்பிக்கொண்டு வருகிறது. தூக்கம் குறைந்துவிட்டது. மூன்று அலமாரியைக் காலி செய்து துடைத்து அடுக்கிவிட்டாள். என் பழைய யூனிஃபார்மைத் தரை துடைக்கப் போட்டுவிட்டாள். கேட்டால், "அந்தச் சட்டைக்குள்ள இனி நீங்க நுழைய முடியுமா?" என்கிறாள்.

ஜூன் 23, திங்கள்

லூர்துசாமி வந்திருந்தான். என்னோடு இருபது வருஷம் ஷிஃப்ட் பார்த்தவன். மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தான்.

"ஸ்டீராய்டா? என்ன வே, விளையாடுதீரா? எங்க மச்சான் மூச்சிரைப்புக்கு இதத்தான் தின்னான். ரெண்டு இடுப்பெலும்பும் செத்துப்போச்சி. இன்னிக்கும் தடி ஊனித்தான் நடக்கான். குறைச்சிப் போடும் வே."

உலகு காப்பி கொண்டுவந்ததும் பேச்சை மாற்றினான். அவன் போன பிறகு விரலைக் குத்திப் பார்த்தேன். 291.

ஒரு சித்திரை மாதம் ஞாபகம் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயின் சூடு கிடுகிடுவென்று ஏறியது. மேலதிகாரிக்குப் போன் போகவில்லை. நான் காத்திருக்கவில்லை. கிராமங்களுக்கு மின்சாரம் போகும் ஒரு ஃபீடரை அணைத்து லோடைக் குறைத்தேன். நாலு கிராமம் இருட்டானது, டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. அதற்கு எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, இன்னும் பீரோவில் இருக்கிறது. சூடு ஏறினால் லோடைக் குறை. முப்பத்து நாலு வருஷம் இதைத்தான் செய்தேன். இதில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

8.00. இரண்டு இட்லி. மாத்திரை கொடுத்தேன்.

ஜூன் 26, வியாழன்

8.00. மாத்திரை கொடுத்தேன். சர்க்கரை 246.

ஜூன் 29, ஞாயிறு

8.00. மாத்திரை கொடுத்தேன். சர்க்கரை 205. உலகு நன்றாகத் தூங்கினாள். எழுந்ததும் முகத்தில் ஒரு தெளிவு. மகளிடம் போனில், "அப்பா என்னைய ஆஸ்பத்திரி நர்சு மாதிரி பாத்துக்கிடுதாக" என்றாள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

மருந்துக்கடைக்காரர் வழியில் பார்த்து, "மாத்திரை தீர்ந்திருக்குமே அண்ணாச்சி" என்றார். இருக்கிறது என்றேன்.

ஜூலை 2, புதன்

8.00. மாத்திரை கொடுத்தேன். சர்க்கரை 178. மோட்டார் மறுபடி ரிப்பேர். அந்த மெக்கானிக்கை இனி வாசலில் ஏற்றமாட்டேன்.

ஜூலை 5, சனி

8.00. மாத்திரை கொடுத்தேன். சர்க்கரை 152.

மாலை கடலைப் பொட்டலத்தை உலகு என் பக்கம் தள்ளினாள். வயிறு சரியில்லையாம். தின்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

8.00. மாத்திரை கொடுத்தேன். உலகு தலைக்குக் குளிக்கவில்லை. சீப்பு சன்னலில் இருக்கிறது. பல்லிடுக்கில் ஒரு முடிகூட இல்லை.

மழை வரும்போல் இருந்து வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மதுரை. நான்கு வாரத்துக்குப் பிறகு ஸ்கேன்.

டாக்டர் பர்வீன் கருவியை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது. திரை என் பக்கம் பாதி திரும்பித்தான் இருந்தது. அதே சிவப்பு, அதே கறுப்பு வளையம். போன தடவை பார்த்ததைவிடக் கொஞ்சமும் இளைக்கவில்லை.

"இந்நேரத்துக்கு வளையம் நல்லா மெலிஞ்சிருக்கணும். ரத்தப் பரிசோதனையிலயும் வீக்கம் காட்டுது. அம்மா, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

உலகு எழுந்து உட்கார்ந்து, கன்னத்து ஜெல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இவுக கையாலதான் சாப்பிடுதேன். ஒரு நாளு தவறல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மருந்து கேட்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், இதைவிடக் கடுமையான ஊசி போடவேண்டி வரும், அதில் வேறு ஆபத்துகள் உண்டு, அதற்கு முன்னால் காசநோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார். அதுவரை ஐந்து மாத்திரை நிற்காமல் போகட்டும் என்றார். சரி என்றேன். அறைக்குள் நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

பஸ்ஸில் உலகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திருமங்கலம் தாண்டியதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எழுப்ப மனசில்லை. விருதுநகரில் சொல்லலாம் என்று இருந்தேன். அங்கும் தூங்கினாள். சாத்தூரில் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை. கோவில்பட்டி வந்ததும்தான் கண்ணைத் திறந்தாள்.

சப்-ஸ்டேஷனில் ஒருத்தன் மீட்டரைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ரீடிங் எழுதுவான். எழுதுகிற நம்பர் தப்பாக இருந்தால்கூட மன்னிக்கலாம், பார்க்காமல் எழுதுவதை மன்னிக்கமுடியாது என்று நான் அவனைக் கிழி கிழி என்று கிழித்திருக்கிறேன். அவனாவது ஏதோ ஒரு நம்பரை எழுதினான்.

ஜூலை 12, சனி

8.00. இரண்டு இட்லி. மாத்திரை ஐந்து.

உலகு உள்ளங்கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விழுங்கினாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலை 6.30. குளியலறையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இடது கண்ணில் கீழ்ப்பாதி தெரியவில்லை என்றாள். பத்து நிமிஷம் பார்த்தோம். அரை மணி பார்த்தோம். போகவில்லை.

"பயப்படாதீங்க" என்றாள். என்னைத்தான் சொன்னாள்.

காரில் மதுரைக்குப் போகிறோம். இதை முன் சீட்டில் இருந்து எழுதுகிறேன்.

ஜூலை 14, திங்கள்

வார்டு. நரம்பில் அதே மருந்தை அதிக அளவில் ஏற்றுகிறார்கள், மூன்று நாள்.

காலையில் டாக்டர் பர்வீன் வந்தபோது வராந்தாவில் நிறுத்திச் சொன்னேன். முதலில் நாலு, பிறகு மூன்று, கடைசி ஒரு வாரம் இரண்டு. சர்க்கரை ஏறியது, அதனால் குறைத்தேன். உங்களைக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு நீங்கள் கேட்டபோதும் சொல்லவில்லை.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சர்க்கரைக்கு நான் மருந்து ஏத்திக் குடுத்திருப்பேனே ஐயா. ஒரு போன் போதுமே."

"வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா அந்தக் கண்ணு தப்பிச்சிருக்குமா?"

"தெரியாது. தப்பிச்சிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம். உங்களுக்காகப் பொய் சொல்லமாட்டேன்." பிறகு சொன்னார், "ஆனா மருந்து தோத்துப்போகலைன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. இதே மருந்தை ஒழுங்கா குடுத்தா வலது கண்ணைக் காப்பாத்திடலாம். ஊசி இப்போதைக்கு வேண்டாம். நீங்க சொன்னது நல்லது."

நல்லதாம்.

உள்ளே போய் உலகுவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "மாத்திரை..." என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"முப்பது வருசம் சத்துணவுல முட்டை எண்ணுனவ நான். கையில விழுந்தாலே எத்தனைன்னு தெரியாதா எனக்கு? அஞ்சு நாலாச்சு, நாலு மூணாச்சு."

"ஏன் கேக்கல?"

"டாக்டரம்மாட்ட போன்ல கேட்டுத்தான் குறைக்கீயன்னு நெனச்சேன். நீங்க கேக்காம செய்வீயளா?"

நான் அழுதேன். எழுதிவைக்கிறேன், அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். ஊசி ஏறாத கையால் என் தலையைத் தடவிவிட்டாள். "இதுக்குத்தான் முடி வேணுங்கறது, தடவ ஒண்ணுமில்ல பாருங்க" என்றாள்.

ஜூலை 16, புதன்

மூன்றாவது பாட்டில் முடிந்தது. வலது கண் முழுக்க நன்றாக இருக்கிறது. இடது கண்ணில் கீழ்ப்பாதி போனது போனதுதான் என்று கண் டாக்டரும் சொல்லிவிட்டார்.

உலகு வலது கண்ணை மூடி என்னைச் சோதித்துப் பார்த்தாள். "நீங்க வேட்டிய ஒழுங்கா கட்டியிருக்கீயளா இல்லையான்னு தெரியல. மூஞ்சி தெரியுது. அது போதும்" என்றாள்.

எனக்குப் போதாது. அவளுக்கு முழுசாக வேண்டும்.

ஜூலை 19, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். 8.00. இரண்டு இட்லி. மாத்திரை ஐந்து. சர்க்கரை 274. மதுரைக்குப் போன் செய்தேன். வேறு அழைப்பு. மறுபடி செய்தேன். மறுபடி. ஐந்தாவது தடவை எடுத்தார்கள். சர்க்கரை மாத்திரையைக் கூட்டினார்கள். ஸ்டீராய்டைத் தொடவில்லை.

லூர்துசாமி வந்தான். விஷயம் கேட்டு முகம் சுண்டிப்போனான். "நாந்தானே வே சொன்னேன்" என்றான். சொன்னது நீ, குறைத்தது நான் என்றேன். இருவரும் காப்பியை ஆறவிட்டுக் குடித்தோம்.

ஜூலை 24, வியாழன்

மாத்திரை ஐந்து. உலகு வாசற்படியில் தடுக்கிவிட்டாள், விழவில்லை. படி விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். அடுப்பங்கரைப் படியிலும் அடித்தேன். வீடு பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதாம்.

ஜூலை 31, வியாழன்

மாத்திரை ஐந்து. கண்ணுக்குப் பழக்கம் வேண்டும், தினமும் கொஞ்சம் படிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பேப்பர் அவளுக்குப் பிடிக்கவில்லை, எல்லாம் சாவுச் செய்தி என்கிறாள். என் மேஜையில் எதையோ எடுத்து மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டேன். மெக்கானிக்கை வாசலில் ஏற்றிவிட்டேன், வேறு வழியில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதுரை. ஸ்கேன்.

இந்தத் தடவை டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையை முழுக்க என் பக்கம் திருப்பினார். சிவப்பு துடித்தது. சுற்றிப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

"எங்க?" என்றேன்.

"அதான் இல்லையே" என்று சிரித்தார்.

வலது பக்கம் வளையமே இல்லை. இடது பக்கம் பென்சில் கோடு அளவுக்கு ஒரு நிழல். "எனக்கும் காட்டுங்க" என்று உலகு கழுத்தைத் திருப்பினாள். டாக்டர் அவள் வலது கண் பக்கமாகத் திரையை நகர்த்தினார். தன் ரத்தம் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் ஓடுது" என்றாள், பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல.

நாளையிலிருந்து நாலு மாத்திரை. இது டாக்டர் சொன்ன நாலு. குறைப்பது மெதுவாக, ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகலாம். அவ்வப்போது ஸ்கேன் பார்த்துத்தான் குறைப்பார்கள்.

கிளம்பும்போது டாக்டர் ஒன்று கேட்டார். ஜூன், ஜூலையில் எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை என்று எழுதி அனுப்பினால் கேஸ் ஃபைலில் வைக்க உதவும் என்றார். என்னிடம் டைரி இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் அந்த நாட்களில் நம்பரே எழுதவில்லை என்பது உறைத்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

5.10 எழுந்தேன். பள்ளிக்கூடத்து மைக்கில் கொடிப்பாட்டுப் போட்டுவிட்டார்கள். உலகு அடுப்பங்கரையில் இருந்தாள். டாக்டருக்கு எழுதி அனுப்ப டைரியைப் பின்னால் புரட்டினேன்.

ஜூன் 24. ‘மாத்திரை கொடுத்தேன்’ என்று நான் எழுதிய வரி. அதன் பக்கத்தில் பச்சை மையில், சத்துணவு ரிஜிஸ்டரில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில், ‘நாலு’ என்று இருந்தது. ஜூன் 26, நாலு. ஜூன் 29, மூணு. நான் எழுதாமல் விட்ட நாட்களுக்கும் ஓரத்தில் தேதி போட்டு எழுதியிருந்தாள். மூணு. மூணு. ஜூலை 5, ரெண்டு. எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. எழுத்து மட்டும் சில இடங்களில் வரியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. இடது கண்ணில் கீழ்ப்பாதி இல்லாமல் வரியைப் பிடிப்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை.

ஜூலை 11-க்கு வந்தேன். ‘பஸ்ஸில் உலகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்’ என்ற வரியின் கீழே பச்சைக் கோடு. ஓரத்தில் பொடியாக எழுதியிருந்தாள்:

‘நான் தூங்கல. டாக்டரம்மா கேட்டப்பமே எனக்குப் புரிஞ்சிபோச்சி. நீங்களா சொல்லுவீயன்னு கண்ண மூடிக்கிட்டு இருந்தேன். நான் முழிச்சிருந்தா உங்களுக்குச் சொல்ல வெக்கமா இருக்கும்லா.’

திருமங்கலத்திலிருந்து கோவில்பட்டி வரைக்கும்.

டைரியை மூடிவைத்தேன். இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து எடுத்துவந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினாள்.

8.00. மாத்திரை நாலு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வாய்விட்டு எண்ணிக் கொடுத்தேன். அவள் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டாள்.